எட்டு இருபத்தைந்துக்கு ஒரு வேலை

உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை, தொழில்புத்தி. செல்போன் செயலிகளில் எந்த வேலை எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எது முடிந்தால் எதை நிறுத்த வேண்டும் என்று ஒழுங்குபடுத்துவதுதான் பதினான்கு வருஷமாக என் பிழைப்பு.

அப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததும் அந்த மாதிரிதான். அம்மா போனபிறகு தனியாகத்தான் இருப்பேன் என்று ஒரே பிடிவாதம் அவருக்கு. இரண்டு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்தார். வெளியூரில் இருக்கும் அக்கா, "நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே, ஏதாவது பண்ணேன்டா" என்றாள். பண்ணினேன். காலை எட்டு மணிக்கு அவர் போன் மணியடிக்கும். திரையில் ஒரே ஒரு பச்சைப் பட்டன், 'நல்லா இருக்கேன்' என்று. கண்டதையும் தொட்டுக் குழப்பிக்கொள்வார் என்று மற்ற எல்லாவற்றையும், யாரையாவது கூப்பிடும் வசதியைக்கூட, மறைத்துவிட்டேன். எட்டரைக்குள் அழுத்தாவிட்டால் எனக்குத் தகவல் வரும். ஒன்பதுக்கு அக்காவுக்கு. ஒன்பதரைக்கு, மாற்றுச் சாவி வைத்திருந்த கீழ்வீட்டு நர்ஸம்மாவுக்கு. ஒரு தடவை அழுத்திவிட்டால் அன்றைக்கு இவை எல்லாமே ரத்து.

வாரத்தில் நாலு நாள் மறந்துபோவார். பாதிச் சவரத்தில் துடைத்துக்கொண்டு ஓடுவேன். மனுஷர் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "என்னடா, இப்படி மூச்சு வாங்குது? பொண்டாட்டி துரத்திட்டாளா?" என்பார். ஆபீசில் மேலாளர் ஒருநாள், "உங்கப்பா வாராவாரம் சாகறாரா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. நியாயமான கேள்வியாகப் பட்டது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

அதனால் எட்டு இருபத்தைந்துக்கு ஒரு சின்ன வேலையைச் சேர்த்தேன். அதுவரை அப்பா அழுத்தவில்லை என்றால் அதுவே அழுத்திவிடும். அக்காவுக்கு நிம்மதி, நர்ஸம்மாவுக்கு நிம்மதி, எனக்கும்தான். அழுத்தியது விரலா, என் வேலையா என்ற பதிவு எனக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தேன். பதினோரு மாதம் ஒரு வம்பும் இல்லை. நேரில் போவதும் குறைந்துபோனது. தினமும் நலமாக இருக்கிறவரைப் போய் என்ன பார்ப்பது?

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நர்ஸம்மா கூப்பிட்டார். "தம்பி, மேல நடமாட்டமே இல்லையே. ரெண்டு நாள் பேப்பர் வாசல்லயே கிடக்கு. சாவி போட்டுப் பாத்துடட்டுமா?"

பதிவைப் பார்த்தேன். இரண்டு நாளும் அழுத்தியது என் வேலைதான். நர்ஸம்மா கதவைத் திறந்துவிட்டால், பட்டனை அழுத்தியது யார் என்று கேள்வி வரும். அக்கா முகத்தில் விழிக்க முடியாது. அப்பா போயிருப்பார் என்றே நினைத்தேன். போனவருக்கு என்ன அவசரம்?

"காலையிலகூட பட்டன் அழுத்தினாரேம்மா. அசந்து தூங்குறாரா இருக்கும். எழுப்பினா எரிஞ்சு விழுவார், விட்டுடுங்க" என்றேன்.

பதினொன்று பத்துக்குப் பதிவு அசைந்தது. இந்தத் தடவை விரல். இடுப்பெலும்பு முறிந்தவர் எப்படியோ ஊர்ந்து போனை எட்டிப்பிடித்திருக்கிறார். முதலில் விடாமல் அழுத்தினார். பிறகு விட்டுவிட்டு. காலையிலேயே என் வேலை அழுத்தி அன்றைய தகவல்களை ரத்து செய்திருந்தது; அதற்குமேல் அந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் யாருக்கும் எதுவும் போகாது. எழுதியபடி ஒழுங்காக ஓடியது.

நான் கிளம்பியிருக்கலாம். ஒன்பது நிமிஷப் பயணம். ஆனால் போனால் ஆஸ்பத்திரி, படுக்கை, அதற்கப்புறம் மறுபடியும் எட்டு மணி. நாற்காலியை விட்டு எழ மனசு வரவில்லை, ஐயா. அக்கா கேட்டதற்கும் நன்றாக இருக்கிறார் என்று எழுதிப் போட்டேன்.

புதன்கிழமை எட்டு மணிக்கு மணியடித்த அதே நொடியில் அவரே அழுத்தினார். பதினோரு மாதத்தில் அவ்வளவு சரியாக அழுத்தியதே இல்லை. கடைசி அழுத்தல் மதியம் மூன்று பதினாறுக்கு. சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று உங்கள் டாக்டர் சொன்னாராமே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் மனசு ஒப்பவில்லை. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று அறுபத்துமூன்று தடவை தன் விரலாலேயே சொன்னார். பெற்ற அப்பா சொல்வதை ஒரு பிள்ளை எப்படி நம்பாமல் இருப்பான்?