நிறுத்தச் சொன்னது மட்டும்

இன்று காலை மயிலாப்பூர் குளத்தருகே பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற இரு பெண்களில் இளையவள் சொன்னாள்:

“எங்க வூட்ல எனக்கு மட்டும் டீய நிறுத்திட்டாங்கக்கா.”

“இன்னாத்துக்குடி?”

“ரத்தம் கம்மியா கீதுல்ல. சோறு துன்னதும் டீ குடிச்சா சத்து ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கூட வந்த மாமியா அந்தப் பேச்ச மட்டும் கெட்டியா புடிச்சிக்கினாங்க. இப்ப ஒரு வேளையும் டீ இல்ல.”

“கீரை, ஈரல்லாம் துன்னச் சொன்னாங்களே?”

“ஞாயித்துக்கிழம ஈரல் வாங்குனாங்க. மொளகு போட்டு நான்தான் வறுத்தேன். அவரும் அவரு தம்பியும் துன்னாங்க.”

“வாயத் தொறந்து கேக்க மாட்டியா? இப்டியே போனா ரத்தம் ஏத்தணும்னாங்களேடி!”

“மாமியாகிட்ட கேட்டேன்க்கா. ‘அதான் டீய நிறுத்திட்டோமே, இனிமே தானா ஊறும்’னுட்டாங்க.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். இளையவள் சிரிக்கவில்லை.

பேருந்து வந்தது. இளையவள் முதல் படியில் ஏறி, கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

“இன்னாம்மா, காலைல ஒரு டீ கூடக் குடிக்கலியா?” என்றார் நடத்துநர். “சீக்கிரம் ஏறு.”