நாற்பது நாள் திறந்த இணைப்புகள்

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. மனைவிக்கு வாடை ஆகாது. மீன் மார்க்கெட்டை ஒட்டிய கல்மண்டபத்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு வாழ்க்கை. யாரிடமும் குறைபட்டதில்லை, அருள்நாதன் சார். என் விளக்கத்தைப் படித்த பிறகே வேலையில் வைப்பதா என்று முடிவுசெய்வதாகச் சொன்னீர்கள். அதனால் சொல்கிறேன்.

நம் கிளியரிங் ஆபீசுக்குக் கப்பல் காகிதமெல்லாம் மெயிலில்தான் வரும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் பக்கத்து மேசை சில்வியா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மெயில் வந்துகீது. அட்டாச்மெண்ட்ட அமுக்குனா ஒண்ணியும் தொறக்கல. பேஜாரா கீதுண்ணே."

பிரௌசர் செட்டிங்கில் ஒரு டிக் தவறாக விழுந்திருந்தது. எடுத்தேன். திறந்தது. மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு சங்கரா மீன் துண்டை என் தயிர்சாதத்தின் மேல் வைத்தாள். வேலை செய்து கொடுத்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம்.

நல்ல வழக்கம். விட்டுப்போகக்கூடாது என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வருமுன் அந்த டிக்கைத் திரும்பப் போட்டேன். வாரம் இரண்டு முறைக்கு மேல் போட்டதில்லை. எடுக்க ஒரு நொடி போதும். நான் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வேன். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுவேன். வவ்வால் மீன் என்று தெரிந்தால் மானிட்டரையும் துடைப்பேன்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜாபரை நீங்கள் நிறுத்தியது என்னால்தான். அவர் சரிபார்த்துப் போன மறுநாளே கெட்டால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள். இப்போது மீஞ்சூரில் தண்ணீர் கேன் போடுகிறார். உடம்பு தேறியிருக்கிறது.

ஆப்பிள் கண்டெய்னரும் அப்படித்தான். காகிதம் திறக்காமல் துறைமுகத்தில் நான்கு நாள் நின்று அழுகியது. அந்த வாரம் சில்வியாவின் அம்மா இறால் தொக்கு செய்திருந்தார். ஒரே நாளில் சரிசெய்ய மனம் வரவில்லை.

நீங்கள் கண்டுபிடித்ததை மெச்சுகிறேன். தவக்காலம் நாற்பது நாளும் சில்வியா கவிச்சி கொண்டுவரவில்லை. ஆபீசில் ஓர் அட்டாச்மெண்ட்டும் மக்கர் பண்ணவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள், ஏக்கத்தில், ஒன்பது கம்ப்யூட்டரிலும் டிக் போட்டுவிட்டேன். அது ஒன்றுதான் தவறு. நீங்கள் என் மேசையருகே வந்து நின்றீர்கள்.

"இன்னா தண்டபாணி, நாப்பது நாளா கம்ப்யூட்டருங்க கூட ஒருசந்தி விரதம் இருந்துச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சில்வியா மட்டும் டிபன் பாக்ஸை மூடினாள்.

எல்லாவற்றையும் நானே செய்தேன். மீனுக்காக அல்ல, ஒரு குடும்பத்தின் வழக்கத்தைக் காப்பாற்ற. இனிமேல் செய்யமாட்டேன்.

இந்தக் கடிதத்தை மெயிலில் இணைத்து உங்களுக்கும், மன்னிப்புக் கேட்டுச் சில்வியாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவளுக்குத் திறக்கவில்லை என்றால் வேறு யாரையும் கூப்பிட வேண்டாம். நானே வந்து பார்க்கிறேன். ஒரு மணி வாக்கில்.