எண்ணெய் வேண்டாத பூச்சு

கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை ஆறவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், ஜெரோம். சூட்டோடு சாப்பிட்டால் கசகசா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தயங்காமல் எடுத்துக்கொள். இப்போது என் அடுப்பில் துப்பாக்கிப் பாகம் எதுவும் வேகவில்லை. உன் மாமா எர்வின் போன பிறகு வீட்டில் நடந்த ஒரே மாற்றம் அதுதான். ரொட்டி ரொட்டியாகவே மணக்கிறது.

நீ சட்டையில் ஷெரீஃப் அலுவலக நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் உன் தாய்மாமன் மனைவி. உனக்குச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள். அவசரமில்லை.

அந்தப் பூச்சை மாமா எங்கள் கொட்டகையில்தான் கண்டுபிடித்தார். துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற அந்த எஃகுக் கட்டை, போல்ட் கேரியர், ஒவ்வொரு முறை சுட்டதும் பின்னால் போய்க் காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததை இழுத்து வருகிறதே, அதற்கான பூச்சு. சாம்பல் நிறத்தில் எதையோ கலக்கித் தெளிப்பார். பிறகு என் சமையலறை அடுப்பில் வைத்து வேகவைப்பார். பூச்சு ஏறிய கட்டைக்கு ஆயுளுக்கும் எண்ணெய் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. கொள்கை என்று சொல்வது குறைவு. பாதிரியார் புரோகாப் திரித்துவத்தைப் பற்றிப் பேசும்போதுகூடக் குரலில் அவ்வளவு உறுதி இருக்காது.

"எண்ணெய் போடறவன் கையில இருக்கறது துப்பாக்கி இல்ல, வாணலி" என்பார்.

பக்கத்துத் தோட்டத்து அல்ஃபோன்ஸ் விடமாட்டான். "இரும்பும் இரும்பும் உரசினா எண்ணெய் கேக்கும்ப்பா எர்வினு. உன் பொண்டாட்டியக் கேளேன், தையல் மெஷினுக்கு என்ன பண்றாள்னு."

"அவளுக்கு என்னடா தெரியும்? அவ போர்வை தைக்கிறவ."

எனக்கு அது மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. கரகரவென்று ஓடுகிற எதிலும் இரண்டு சொட்டு விட்டால் அது சமாதானமாகிவிடும்.

முதல் தடவை காட்டுப்பன்றி வேட்டையில் எல்லோர் முன்னாலும் அவர் துப்பாக்கி சிக்கிக்கொண்ட நாள் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை. அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் தூங்கப் போனதும் தையல் இயந்திரத்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து, துப்பாக்கியின் பக்கவாட்டுத் திறப்பு வழியாக இரண்டு சொட்டு விட்டேன். அடுத்த வாரம் அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடியது. வந்து என்னைத் தூக்கிச் சமையலறையில் போல்கா நடனம் ஆடினார். "பாத்தியாடி, எப்படிப் பளபளக்குது பூச்சு" என்று காட்டினார். பளபளத்தது என் எண்ணெய். அந்தச் சந்தோஷத்தில் பாதி என்னுடையது, அது எனக்கு மட்டும் தெரியும். அந்த ருசியை யாருக்கும் விளக்க முடியாது, ஜெரோம். நீ இன்னும் கல்யாணம் ஆகாதவன்.

அதன் பிறகு எல்லோரும் பூச்சுப் போட்டுக்கொண்டார்கள். நீயும்தான். அவர்கள் வீட்டுத் துப்பாக்கிகளுக்கு என்னைப்போல ஒருத்தி இல்லையே. சிக்க ஆரம்பித்தன. மாமாவின் முகம் மறுபடி அந்தப் பழைய முகமாக மாறத் தொடங்கியது. என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நீங்கள் எல்லோரும் நேராகப் பன்றி சுடப் போகிறவர்கள். கோவில் வாசலில் வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றிலும் துப்பாக்கி. நம் ஊரில் எவனும் வண்டியைப் பூட்டுவதில்லை. பாதிரியார் பிரசங்கம் தொடங்கியதும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவேன். பிரசங்கம் முடிவதற்குள் எல்லா வண்டித் துப்பாக்கிக்கும் இரண்டிரண்டு சொட்டு விட்டுவிட்டுத் திரும்பி வருவேன். புரோகாப் நீளமாகப் பேசுகிறவர், அதனால் சிரமமில்லை.

வருஷக்கணக்காக இப்படித்தான். பூச்சின் புகழ் பக்கத்து மாவட்டத்துக்கும் போனது. என் புகழும் போனது. ஒரு நாள் பீடத்திலிருந்து பாதிரியார், "நம் சகோதரி ஆல்பினாவின் சிறுநீரகங்களுக்காக மன்றாடுவோம்" என்றார். சபை முழுவதும் மன்றாடியது. நான் உள்ளங்கை எண்ணெயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஆமென் சொன்னேன். எனக்கு வருத்தமில்லை. ஒரு வீட்டில் ஒருவர் சரியாக இருப்பதற்கு இன்னொருவர் கொஞ்சம் கோணலாகத் தெரிய வேண்டியிருக்கிறது.

பிறகு கோவில் விருந்து வந்தது. நீயும் அந்த மேசையில் இருந்தாய். உன் மாமா பீர்க் குவளையோடு எழுந்து நின்றார். "என் துப்பாக்கி இத்தனை வருஷமா ஒரு சொட்டு கேட்டதில்ல. ஒரு சொட்டு ஒழுக விட்டதும் இல்ல. என் வீட்டுக்காரிக்கும் அந்தப் பூச்சையே அடிச்சிருக்கலாம். பூசையில முழுசா உக்காந்திருப்பா" என்றார்.

அல்ஃபோன்ஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். நீ சிரித்தாய். அதைத் தப்பாகச் சொல்லவில்லை. நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். உருளைக்கிழங்குப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தேன். கோபம் என்று நீ எழுதப் போகிறாய். கோபமில்லை. எனக்கு ஒரு யோசனை மட்டும் வந்தது. இவ்வளவு நம்புகிற மனிதருக்கு, நம்பியதை ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்க நான் வாய்ப்பே கொடுத்ததில்லையே என்று. அவருக்கு அநியாயம் செய்துவிட்டதாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு நடந்தது உனக்குத் தெரியும். முளைவிட்ட மக்காச்சோள வரிசைகளைப் பன்றிகள் உழுது போட்டிருந்தன. நீங்கள் எட்டுப் பேர் வயலில் இறங்கினீர்கள். பெண்கள் நாங்கள் வேலி ஓரத்தில் காப்பியோடு நின்றோம். பெரிய ஆண் பன்றி புதரிலிருந்து உன் மாமாவுக்கு நேராக வந்தது. ஒரு தடவை சுட்டார். காதில் பட்டது. இரண்டாவது வெடிக்கவில்லை. கட்டை பாதி வழியில் நின்றுவிட்டது. கைப்பிடியை இழுத்தார், மறுபடி இழுத்தார். அவர் நடுவில் நின்றதால் உங்களால் சுட முடியவில்லை. கடைசிவரை அவர் பன்றியைப் பார்க்கவில்லை, ஜெரோம். துப்பாக்கியைத்தான் பார்த்தார், அது ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல. எண்ணெய்ப் புட்டி என் மேலங்கிப் பையில்தான் இருந்தது. காப்பி ஆறும்வரை நான் அங்கேயே நின்றேன்.

சாவு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சு. "அருமையான பூச்சுங்க. எங்களுது ஏழும் அன்னிக்கு ஒரு தடவைகூட சிக்கல. பாவம், எர்வினுக்குத்தான் நேரம் சரியில்ல." இரண்டு பேர் சவப்பெட்டி பக்கத்திலேயே நின்று, தங்கள் கேரியரைப் பூச்சுக்கு எப்போது கொண்டுவந்து கொடுக்கலாம் என்று கேட்டார்கள்.

நான் எல்லாம் சொன்ன பிறகும் நீ என்ன சொல்கிறாய்? "அத்தை, அன்னிக்கு ஒரு நாள் மறந்துட்டீங்க. அவ்வளவுதான். நான் விபத்துன்னே எழுதிடறேன்."

நல்ல பிள்ளை நீ. ஆனால் மறந்தேன் என்று எழுதாதே. நான் எதையும் மறக்கிறவள் இல்லை. அன்றும் பிரசங்கத்தின்போது வழக்கம்போல எழுந்து போனேன். ஏழு வண்டிகளிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன், உன்னுடையதிலும். எட்டாவது எங்களுடையது. அதிலிருந்த துப்பாக்கியைத் திறந்து பழைய எண்ணெயைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். மூலை முடுக்கெல்லாம், ஊசி முனையில் துணியைச் சுற்றி, நன்றாகக் காயும்வரை. வெடிமருந்துக் கரியை மட்டும் தொடவில்லை. துடைக்கவே வேண்டாம் என்பது அவர் கொள்கையாயிற்றே. பிறகு கைக்குட்டையை ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போய் நற்கருணை வாங்கினேன். உன் மாமா நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

இன்னொன்று எடுத்துக்கொள், ஆறிவிட்டது. வெளியே உன் வண்டியில் இருக்கிற துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்படாதே. நீ வந்து உட்கார்ந்ததும் நான் வெளியே போனேனே, அப்போதே அதில் இரண்டு சொட்டு விட்டுவிட்டுத்தான் வந்தேன். என் சுபாவம் அப்படி. ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எனக்குத் தெரியாது.