நடுக்குளத்துப் புதையல்

மசூது: அங்கன இல்லவே, இங்கன தோண்டுவோம். மரத்து வேருகிட்ட.

சங்கரபாண்டி: ஒம்ம இஷ்டத்துக்குத் தோண்டுனா மண்புழுதான் கிடைக்கும். இந்தப் பக்கம் வாரும், பாறைக்குக் கிழக்க.

மசூது: ரிட்டயர்டு ஏட்டையா மூக்கு மோந்து சொல்லுதோ?

சங்கரபாண்டி: கேலி பண்ணாம கடப்பாரையைப் பிடியும்.

மசூது: பேய்க்குப் பயந்து நம்ம இலஞ்சி ஊர்க்காரன் எவனும் இந்தக் குளத்துத் திட்டுல கால் வைக்க மாட்டான். ரெண்டு கிழவனுவ லாரி டியூப்ல மிதந்து வந்து... எவனாவது பாத்தா சிரிப்பான்.

சங்கரபாண்டி: ஜமீன் நகையை இங்கனதான் புதைச்சாங்கன்னு சொன்னதே நீருதானவே! போன வாரம் ஓட்டைக் காலணா எடுத்தோமா, இல்லியா?

மசூது: எடுத்தோம், எடுத்தோம்... சாரல் வேற விழுது. இன்னிக்கோட சரி. நாளைக்குப் பொதிகை ரயில்ல டிக்கெட். கூடவே இருந்திரச் சொல்லிட்டான் எம் மவன் ஆசிக், மெட்ராஸ்ல.

சங்கரபாண்டி: அதான் போன வாரமே சொல்லிட்டீரே.

மசூது: நீரு ஒண்ணும் சொல்லலையே?

சங்கரபாண்டி: நான் என்னத்தச் சொல்ல... மவன் கூப்பிடுதான், போறீரு. தோண்டும்வே.

மசூது: ஏ... டங்குன்னு கேட்டுச்சே!

சங்கரபாண்டி: நாந்தான் சொன்னேம்லா! மெள்ள... மெள்ள...

மசூது: பித்தளைச் செம்பு!

சங்கரபாண்டி: ஜமீன் செம்புதான், சந்தேகமே இல்ல! ஒண்ணு கிடந்தா பத்து கிடக்கும். இப்பப் போயி மெட்ராஸ், மெட்ராஸ்ங்கீரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தா...

மசூது: இரும்வே, மண்ணைத் துடைக்கேன்...

சங்கரபாண்டி: என்னவே, திருப்பித் திருப்பிப் பாக்கீரு?

மசூது: ஒம்ம வீட்டம்மா தவறி ரெண்டு வருசம் இருக்குமா?

சங்கரபாண்டி: இப்ப எதுக்குவே அவ பேச்சு? வீடு வெறிச்சோன்னு கெடக்கு. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் நான் வாயத் திறக்கேன்... விடும். செம்பைக் குடும்.

மசூது: இந்தாரும். பத்திரமா வீட்டுல கொண்டு வையும். கழுத்துல மாரிச்செல்வின்னு பேரு வெட்டியிருக்கு.

சங்கரபாண்டி: ...அட எழவே! அவ சீருல வந்தது. பேரு இருக்கதைப் பாக்காமப் புதைச்சுட்டேனே... தப்பா நினைக்காதேயும். நீரும் போயிட்டா...

மசூது: எங்கனவே போறேன்? டிக்கெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆசிக் போன் பேசியே மூணு மாசமாவுது. போகாதேயும்னு நீரு ஒரு வார்த்தை சொல்லுவீரான்னு பாத்தேன்... அடுத்த வாரம் பேரு வெட்டாத பாத்திரமாப் பாத்துப் புதையும்.