சாணை பிடித்த நட்சத்திரங்கள்

டீ நன்றாகவே இருக்கிறது, சார். போலீஸ் ஸ்டேஷன் டீயை வாயில் வைக்க முடியாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ.

என் பெயர் லோகநாதன். திருவொற்றியூரில் சாணைப் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் எம்.கே.பி. நகரில் இருக்கும் என் சிநேகிதன் அறிவும் ஒரே கராத்தே கிளாஸ். போலீஸ் பரீட்சையும் ஒன்றாகத்தான் எழுதினோம். சட்டப் பாடத்தை நான் வாசிப்பேன், அவன் தூங்கி வழிவான். எழுத்தில் அவனைவிட நான்தான் மேல். ஓட்டத்தில் அவன் தேறி வேலையும் வாங்கிவிட்டான், நான் பாதியிலேயே சுருண்டுவிட்டேன்.

அவனுக்கு நிச்சயமான மலர்க்கொடி கறுப்பு ஷூ வாங்கி வந்தாள். என் பட்டறையில்தான் போட்டுப் பார்த்தான். அவள் குனிந்து கயிறு கட்டிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. டிரெயினிங் வரை புதுசாக இருக்கட்டும் என்று ஷூவை என்னிடமே விட்டுப் போனான்.

கராத்தே கிளாஸ் விழாவில் பலகையில் குறி பார்த்து எறிந்து காட்ட, கையளவு இரும்பு நட்சத்திரம் செய்து கேட்டான்.

"முனைய மொட்டையாவே குடு மாமு. கேஸு ஆச்சுன்னா வேலை பூடும். எடுத்துகினு போனா தப்பில்லியே?"

"வெளாட்டு சாமான்டா, அதுக்கு இன்னா சட்டம்? எவனாவது மடக்கி கேஸுன்னா நிக்காத, ஓடிடு. உன்னை எவன் புடிப்பான்?"

சிரித்தான். ஓட்டத்தைப் புகழ்ந்தால் அவனுக்குத் தலைகால் புரியாது.

இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான கூரான ஆயுதத்துக்கு லைசென்ஸ் வேண்டும். அவன் தூங்கிய பக்கம் அது. மூன்று அங்குலத்தில் வெட்டி, எல்லா முனையையும் சாணை பிடித்தேன். கையைக் கிழித்துவிடக் கூடாதே என்று துணியில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன். அவன் பைக் கிளம்பியதும் உங்கள் ஆட்களுக்குப் போன் செய்தவன் நான்தான்.

பின்னாலேயே போய் எண்ணூர் நெடுஞ்சாலையில் உங்கள் ஆட்கள் அவனை மடக்கிய இடத்துக்கு எதிர்ப்புறம் நின்றேன். அவர்கள் துணியைப் பிரித்ததும் அவன் முகம் செத்துவிட்டது. சுற்றிப் பார்த்தான். நான் கையசைத்துக் கூப்பிட்டேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வருவது எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. என்னிடம்தான் ஓடி வந்தான், சார்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைக்காரன் அந்த ஷூவைத் தினமும் துடைத்து வைப்பானா? எனக்குக் கொஞ்சம் பெரிதுதான். முன்னால் துணி அடைத்துக்கொண்டால் சரியாக இருக்கிறது.