சில்லுக்குக் கீழே தேசிக்காய்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்:

“நயாகராவில மாமி சில்லுக்குக் கீழ கிடக்க, இவர் அந்த வீடு மாதிரி ஆர்.வி. வண்டியை எடுத்திட்டாரடி.”

“ஐயோ! அங்க ஏன் போனவ?”

“தேசிக்காய் வைக்க. சில்லு ஏறி நசிச்சாத்தான் கண்ணூறு கழியுமாம். வைன் தோட்டம் பாக்கவெண்டு வாடகைக்கு எடுத்த வண்டிதானே, வெளிக்கிடேக்க ஒருத்தரும் வைக்கேல்லையாம். நாங்கள் அவ வண்டியின்ர பின்கட்டில நித்திரையெண்டு நினைச்சம்.”

“பிறகு?”

“நான் யன்னலால கண்டு கத்தின கத்தில பிரேக்கை அமத்தினார். கைக்கும் சில்லுக்கும் இடையில ஒரு விரலளவுதான். இவர் அண்டைக்குப் பிறகு கார்த் திறப்பைத் தொடேல்லை. அதுதான் பஸ்ஸில வாறன்.”

“மாமி அழுதவவோ?”

“எங்க! சீலையில மண்ணைத் தட்டிப்போட்டு, ‘தேசிக்காய் நசிஞ்சதோ?’ எண்டு கேட்டவ.”