மண்ணில் தங்கும் புழு, காலில் ஏறும் புழு

"எல்லாம் ஒரே தாய்ப் புழுவோட குஞ்சுங்கதாண்ணே. ஆனா ரெண்டு விதமா வளருது."

காஜா பெராங்கில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்து பேசியது இது. சொன்னவர் ஆஸ்பத்திரி ஊழியர். வீடு வீடாக டப்பா கொடுத்து, மலம் வாங்கிக் குடல்புழு இருக்கிறதா என்று சோதிப்பவராம். கேட்டவர் தையல்காரர், மடியில் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்குத் தைத்த கொடிக்கட்டு.

"எப்படி தம்பி, ரெண்டு விதம்?"

"சிலது மண்ணுலயே தங்கிக் குடும்பம் நடத்துது. சிலது வெறுங்காலைத் துளைச்சி உடம்புக்குள்ள போயிடுது."

"ஒரே துணியில நான் மேலுக்குச் சட்டையும் வெட்டுவேன், காலுக்குச் சிலுவாரும் வெட்டுவேன். அந்த மாதிரியா?"

"அதேதான்."

"நான் ஆளைப் பார்த்து வெட்டுறேன். புழுவுக்கு யாரு அளவு சொல்றது?"

"மண்ணோட சூடு, ஈரம் ஏதோ சொல்லுதுன்னு எங்க டாக்டர் நெனைக்கிறாரு. உள்ளுக்குள்ள எப்படி நடக்குதுன்னு அவருக்கும் தெரியல."

தையல்காரர் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"எங்க வீட்டுப் பின்னால வாழைக்கொல்லை எப்பவும் ஈரம்தான். வெறுங்கால்லதான் மிஷின் மிதிக்க வரும்னு நான் செருப்பே போடுறதில்ல."

ஆஸ்பத்திரிக்காரர் பையிலிருந்து காலி டப்பா ஒன்றை எடுத்தார்.

"நாளைக்குக் காலையில," என்று அதைக் கொடிகளின் மேல் வைத்தார்.